கழுவிய தரை சுத்தமான தரையல்ல

நாகர்கோவிலில் வீட்டுக்குப் பின்னால் பத்துக் கோழி வளர்ப்பவர்களின் காலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விடிகிறது. கூட்டைத் திறந்து கோழிகளை வெளியே விடுவார்கள். பிறகு இரண்டு வாளித் தண்ணீர், கொஞ்சம் பினாயில், ஈர்க்கு வாரியல். சிமெண்ட் தரை பளிச்சென்று ஆகிவிடும். பார்க்கிறவர்களும் "கோழிக்கூடா இது, பூஜை அறை மாதிரில்லா இருக்கு" என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

என் கூட்டில் தண்ணீர் ஊற்றுவதில்லை. உமியும் தும்புத்தூளும் கலந்த கூளம் அரையடிக் கனத்தில் கிடக்கிறது. அதை முழுதாக அள்ளி எட்டு மாதம் ஆகிறது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த அக்கா ஒருவர், "என்ன அண்ணாச்சி, கூட்டுக்குள்ள இப்பிடிக் குப்பையை அள்ளிப் போட்டு வச்சிருக்கிய? தண்ணிய ஊத்திக் கழுவி விடுங்க. கோழியும் நல்லா இருக்கும், வாடையும் அடிக்காது" என்றார். அக்கறையோடு சொன்ன சொல். ஊரில் எல்லோரும் நம்புகிற சொல்லும் அதுதான். அது தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நமக்குச் சுத்தம் என்றால் தண்ணீர். வாசல் தெளிப்பதும், தீட்டுக் கழிந்தால் வீடு கழுவுவதும் நம் கையில் ஊறிய பழக்கம். மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு அது சரி. கோழி வேறு மாதிரிப் பிறவி. அது தண்ணீரில் குளிப்பதில்லை, புழுதியில் குளிக்கிறது. அதற்குச் சுத்தம் என்றால் காய்ந்த இடம். கோழியின் காலுக்கடியில் எதைப் போடுவது என்ற கேள்விக்கு இந்த ஓர் உண்மையிலிருந்துதான் பதில் தேட வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில் நாற்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகளைச் சூடூட்டும் புரூடரிலிருந்து எடுத்து, புதிதாகக் கட்டிய சிமெண்ட் கொட்டகையில் விட்டேன். மூன்று வாரக் குஞ்சுகள். தினமும் காலையில் நானே கழுவினேன். ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. ஆறாம் நாள் காலை தரையில் ரத்தம் கலந்த எச்சம் கிடந்தது. குஞ்சுகள் இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடி, மூலையில் ஒடுங்கி நின்றன. ஒரு வாரத்துக்குள் பதின்மூன்று செத்தன. செத்த குஞ்சு ஒன்றை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு பைகளிலும் ரத்தம் கட்டியிருப்பதைக் காட்டினார். பிறகு கொட்டகைக்குள் வந்து குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். கை ஈரமாக இருந்தது. மணி அப்போது மாலை நாலு. நான் கழுவியது காலை ஏழுக்கு. அவர் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

ரத்தக்கழிச்சல் என்று நாம் சொல்லும் அந்த நோயைக் கொண்டுவருவது காக்சிடியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. நோய் கண்ட கோழியின் எச்சத்தில் அதன் முட்டைக்கூடுகள் வெளியே வருகின்றன. வந்த உடனே அவற்றால் நோயைப் பரப்ப முடியாது. முதிர்வதற்கு வெப்பம், காற்று, ஈரம் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்துவிடும். நம் ஊரில் வெப்பத்துக்கும் காற்றுக்கும் குறைவில்லை. மூன்றாவதை நாம்தான் வாளியில் கொண்டுபோய் ஊற்றுகிறோம். பினாயில் இவற்றைக் கொல்லும் என்று நினைப்பவர்கள் ஏராளம். காக்சிடியாவின் கூடு தடித்த ஓடு கொண்டது. வீட்டில் புழங்கும் கிருமிநாசினிகள் எதற்கும் மசியாது. காயப் போடுவதுதான் அதை அடக்கும் வழி.

"தினமும் கழுவினால் அது முதிர்வதற்கு முன்பே போய்விடுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கழுவுகிற தண்ணீர் எச்சத்தை முழுதாக வெளியே கொண்டுபோய், தரையும் உடனே காய்ந்துவிட்டால் அந்த வாதம் நிற்கும். வாரியலும் தண்ணீரும் உண்மையில் செய்வது என்ன? கட்டியாக ஓரிடத்தில் கிடந்த எச்சத்தைக் கரைத்து, தரை முழுவதும் மெல்லப் பூசி, மூலைகளிலும் வெடிப்புகளிலும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. சிமெண்ட் உறிஞ்சும் தன்மையுள்ளது. கண்ணுக்குத் தெரியாத அளவிலுள்ள அந்தக் கூடுகளுக்கு ஒரு நூலிழை வெடிப்பு போதும்.

ஈரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த கோழி ஒன்று நாளுக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். பத்துக் கோழி என்றால் ஒரு கிலோ எச்சம், முக்கால் லிட்டர் தண்ணீர். அந்த முக்கால் லிட்டரைப் போக்குவதற்காக நாம் இருபது, முப்பது லிட்டர் ஊற்றுகிறோம். சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பதால் தவறு தெரிவதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் பலவற்றைப்போல ஒரு பருவமழையோடு நம் மாவட்டம் தப்பித்துவிடுவதில்லை. இடவப்பாதியில் தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஆண்டில் பாதிக்கு மேல் காற்றே ஈரமாக இருக்கும் ஊரில், தினமும் கழுவிய தரை காய்வதற்கு நேரமே இல்லை.

வாடைக்கும் இதே கதைதான். கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். காய்ந்து கிடக்கும்வரை அது வாடையடிக்காது. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. கண் எரிவதும் மூக்கைப் பிடிப்பதும் அந்த வாயுவால்தான். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு அம்மோனியா இருந்தாலே கோழியின் மூச்சுக்குழாய் பழுதாகத் தொடங்கும். சளி நோய்களுக்குக் கதவு திறக்கும். கூளம் வாடையடிக்கிறது என்று சொல்பவர்கள் முகர்ந்தது நனைந்த கூளத்தை. காய்ந்த கூளத்தைக் கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள், மண்வாசனைதான் வரும்.

வாடை வந்தால் சுண்ணாம்பைத் தூவு என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். கோழி விடுவதற்கு முன் வெறுந்தரையில் சுண்ணாம்பு அடிப்பது நல்லது. கட்டி பிடிக்கத் தொடங்கும் கூளத்தை உதிர்க்கவும் அளவோடு பயன்படும். ஆனால் நனைந்து நாறும் கூளத்தில் கோழிகள் நிற்கும்போதே தூவினால், சுண்ணாம்பின் காரத்தன்மை உள்ளே அடங்கியிருந்த அம்மோனியாவையும் சேர்த்து வெளியே கிளப்பிவிடும். நனைந்த இடத்தை அள்ளி எறிந்துவிட்டுப் புதுக்கூளம் போடுவதே மருந்து.

கழுவ வேண்டாம் என்று ஒப்புக்கொள்பவர்கள் அடுத்ததாக, "அப்படியென்றால் கூளத்தை வாராவாரம் மாற்றுங்கள்" என்பார்கள். இதுவும் பழைய நம்பிக்கைதான். அமெரிக்காவில் ஒஹையோ வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கென்னார்டு, சேம்பர்லின் என்ற இருவர் 1940-களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கூளத்தை அடிக்கடி மாற்றிவந்த மூன்று ஆண்டுகளில் பத்துத் தொகுதிக் குஞ்சுகளின் சராசரி இறப்பு 19 சதவீதம். பழைய கூளத்தை அள்ளாமல் அதன்மேலேயே புதிது சேர்த்துவந்த அடுத்த மூன்று ஆண்டுகளில் பதினொரு தொகுதிகளின் சராசரி இறப்பு 7 சதவீதம். பழைய கூளத்தில் குடியேறும் நுண்ணுயிர்க் கூட்டம் எச்சத்தைத் தின்று மக்கவைக்கிறது. அங்கே கொஞ்சமாக இருக்கும் காக்சிடியா, குஞ்சைச் சாகடிக்காமல் எதிர்ப்புச் சக்தியைப் பழக்கிவிடுகிறது. பி12 வைட்டமின்கூட அந்தக் கூளத்தில் உருவாகிறது. கிளறித் தின்னும் கோழிக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. இதைத்தான் நம் கால்நடைத் துறையினர் ஆழ்கூள முறை என்கிறார்கள். வாராவாரம் மாற்றுவது இந்த உயிருள்ள தரையைப் பிறக்கும்போதே கொல்வதாகும்.

ஆனால் ஒரு நிபந்தனை. பழைய கூளம் நல்லது என்பது காய்ந்த பழைய கூளத்துக்கு மட்டுமே பொருந்தும். வெள்ளைக்கழிச்சலோ ரத்தக்கழிச்சலோ வந்து கோழிகள் செத்திருந்தால் ஒரு பிடி விடாமல் அள்ளி வெளியேற்றி, தரையைக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்த குஞ்சை விட வேண்டும். கழுவுவதற்கு உரிய நேரம் அதுதான்: கூடு காலியாக இருக்கும்போது.

இனி குஞ்சுகள். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குச் செய்தித்தாளை விரித்து விட்டால் போதும் என்பது இன்னொரு பரவலான வழக்கம். தாள் வழுக்கும். ஒரு நாள் குஞ்சின் கால்கள் பிடிமானம் இல்லாமல் இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும். அப்படி விரிந்த கால் சில நாளில் கூடாமல் நிரந்தர ஊனமாகிவிடும். தாளுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூளத்தின் மேல் முதல் மூன்று நாளைக்குச் சொரசொரப்பான தாளையோ பழைய சாக்கையோ விரிப்பது நல்ல பழக்கம். தீவனம் எது, உமி எது என்று தெரியாத குஞ்சு உமியைத் தின்றுவிடாமல் அது காக்கும். தினமும் தாளை மாற்றி, நாலாம் நாள் எடுத்துவிட வேண்டும். கூளத்துக்கு மேலே தாள் என்பது பாதுகாப்பு. கூளத்துக்குப் பதில் தாள் என்பது கேடு.

வெறும் சிமெண்டில் குஞ்சை விடுவதோ அதைவிடக் கேடு. முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்குப் பண்ணி மேலே குண்டு பல்பு போடுகிறோம். கீழே சிமெண்ட் அந்தச் சூட்டைக் காலடியிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. குளிரும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். காலையில் அடியில் கிடப்பவை செத்திருக்கும். இரண்டு அங்குலக் கூளம் இருந்தால் இது நடக்காது. நம் பாட்டிமார் அடைவைக்கும்போது பானையிலோ கூடையிலோ மணலும் வைக்கோலும் போட்டுத்தான் முட்டையை அடுக்கினார்கள். வெறுந்தரையில் ஒருத்தியும் அடைவைத்ததில்லை.

மரத்தூளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவை ஆலையில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, பஞ்சுபோல் மெத்தென்று இருக்கிறது என்று குஞ்சுகளுக்கு அதையே போடுகிறார்கள். நுண்ணிய மரத்தூள் குஞ்சின் இரைப்பையை அடைக்கும். தூசி மூச்சில் ஏறும். நனைந்தால் பூஞ்சை பிடித்து நுரையீரல் நோயைக் கொண்டுவரும். தச்சுப்பட்டறையில் இழைப்புளியிலிருந்து சுருளாக விழும் சீவல் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது எந்த மரம், என்ன மருந்து அடித்தது என்று கேட்டு வாங்க வேண்டும். குலசேகரம் பக்கமிருந்து வரும் ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் தாக்காதிருக்க இரசாயனத்தில் நனைப்பது தொழில் வழக்கம். இங்கிலாந்தில் குளோரோபீனால் என்னும் மருந்து கலந்த மரக்கூளத்தில் வளர்ந்த கோழிகளின் இறைச்சியில் புழுங்கல் வீச்சம் ஏறியதற்குக் காரணத்தை 1972-இல் கண்டுபிடித்தார்கள். கூளத்திலிருந்த பூஞ்சைகள் அந்த மருந்தை வேறொரு பொருளாக மாற்ற, அது கோழியின் உடலில் சேர்ந்திருந்தது. கோழி நிற்கும் தரை நம் தட்டுக்கு வந்து சேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் எதைப் போடுவது? நாமக்கல்லிலும் பல்லடத்திலும் பண்ணைக்காரர்கள் சொல்வதை அப்படியே கேட்டு நடப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அவர்கள் அனுபவம் பெரிது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் ஊர் வறண்ட ஊர். அங்கே உமி மட்டும் போதும். உமி காற்றோட்டமானது, கட்டி பிடிக்காது, உதிரியாக இருக்கும். ஆனால் மேல்தோல் சிலிக்கா நிறைந்தது என்பதால் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. நம் மழைக்காலத்தில் உமி மட்டும் போட்டால் ஈரம் அதன் வழியே இறங்கித் தரையில் தேங்கும். அதோடு, கன்னிப்பூ நெல்லும் கும்பப்பூ நெல்லும் விளைந்த வயல்கள் வீட்டுமனையாகிவிட்ட நாஞ்சில் நாட்டில் உமி முன்போல் மலிந்து கிடப்பதில்லை.

நம்மிடம் மலிந்து கிடப்பது தென்னை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கதம்பையிலிருந்து தும்பைப் பிரித்தெடுக்கும்போது உதிரும் தூள், தும்பு ஆலைகளின் பின்னால் மலைபோல் குவிந்து கிடக்கிறது. கோழிக்கு அது ஆகாது, "ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்" என்று தள்ளுகிறார்கள். ஈரத்தைப் பிடிப்பதுதானே கூளத்தின் முதல் வேலை! காய்ந்த தும்புத்தூள் தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் தண்ணீரை உறிஞ்சும். எச்சத்தின் ஈரத்தை அது இழுத்துக்கொள்வதால் கோழியின் பாதம் காய்ந்த இடத்தில் நிற்கிறது. உள்ளங்காலில் புண்ணும் வீக்கமும் வருவதில்லை. தும்புத்தூளில் கார்பன் மிகுதி. நைட்ரஜனைப்போல் நூறு மடங்குக்கும் மேல். கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிகுதி. இரண்டும் சேரும்போது அம்மோனியாவாகப் பறந்து போக வேண்டிய நைட்ரஜனில் ஒரு பகுதி கூளத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

தும்புத்தூள் மீது சொல்லப்படும் புகாரில் ஒரு பாதி உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆலை முற்றத்தில் மழையில் கிடந்த தூளை அப்படியே அள்ளிவந்து கொட்டினால் அது ஏற்கெனவே தண்ணீரைக் குடித்துத் தெவிட்டிப் போயிருக்கும். எச்சத்தின் ஈரத்துக்கு அதில் இடமிருக்காது. பூஞ்சை பிடிக்கும், சேறாகும். அப்படிப் போட்டுக் கைசுட்டவர்கள்தான் அதன் பெயரைக் கெடுத்தார்கள். தை, மாசி, பங்குனி வெயிலில் தார்ப்பாயில் விரித்துக் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவைத்து, சாக்கில் கட்டி, பரணில் ஏற்றிவிட வேண்டும். இடவப்பாதி தொடங்கும்போது அதுதான் நம் கைமுதல்.

நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது. குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் உமி மட்டும், இரண்டு அங்குலம். தீவனத்தை இனம் கண்டு தின்னப் பழகியபின் தும்புத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து நாலு அங்குலமாக்குவேன். வளர்ந்த கோழிக்கு உமியும் தூளும் சரிபாதியாக ஆறு அங்குலம். மழைக்காலத்தில் தூளின் பங்கு கூடும், எட்டு அங்குலம்வரை போகும். வாரம் இரண்டு முறை முள்வாரியால் அடிவரை கிளறிவிடுவேன். டிரிங்கரைச் சுற்றியுள்ள இடம்தான் முதலில் நனையும். அதனால் டிரிங்கரைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, கீழே கட்டி பிடித்ததை அன்றன்றைக்கே அள்ளிவிடுவேன். சாரல் அடிக்கும் பக்கம் ஓலைத்தட்டி. ஒரு நாளில் இதற்கு ஆகும் நேரம், கழுவுகிறவர்கள் செலவிடும் நேரத்தில் பாதிகூட இல்லை.

தீ பற்றும் என்ற அச்சம் நியாயமானது. தும்புத்தூள் புகைந்து புகைந்து எரியும் பொருள். குஞ்சுகளுக்குப் போடும் பல்பைக் கூளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கம்பிவலைக்குள், கயிற்றை நம்பாமல் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். ஈ மொய்க்கும் என்பது நனைந்த கூளத்துக்குத்தான் பொருந்தும். காய்ந்ததில் ஈப்புழு பிழைக்காது. இடத்துக்கு மிஞ்சிய கோழிகளை அடைத்துவிட்டுக் கூளத்தைக் குறை சொல்வதும் முறையல்ல. ஒரு முட்டைக்கோழிக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் எந்தக் கூளமும் தாங்காது.

கழுவுகிறவர்கள் கவனிக்காத இழப்பு ஒன்றும் உண்டு. வாளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போவது உரம். நன்றாக மக்கிய ஆழ்கூளத்தில் நைட்ரஜன் மட்டும் சுமார் 3 சதவீதம் இருக்கும். தொழுவுரத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் உண்டு. என் கூட்டுக் கூளம் ஆண்டுக்கு ஒரு முறை மட்டி வாழைக்கும் முருங்கைக்கும் போகிறது. சாக்கடையில் கலந்தால் அதே பொருள் தெருவுக்கே வாடை.

சுவருக்கு அந்தப் பக்கத்து அக்காவுக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. கூளத்தில் ஒரு பிடி அள்ளி அவர் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடித்துத் திறக்கச் சொன்னேன். பிடித்தபடியே உருண்டையாக நின்றால் ஈரம் கூடுதல். கொஞ்சமும் சேராமல் தூசியாகப் பறந்தால் வறட்சி கூடுதல். திறந்ததும் மெல்ல விரிந்து உதிர்ந்தால் சரியான பதம். நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு ஈரம். அவர் கை விரிந்ததும் கூளம் உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "ஒண்ணும் நாறலியே" என்றார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கோழி வளர்க்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது அவ்வளவுதான். நாளைக் காலை வாளியை எடுப்பதற்கு முன் கூட்டுத்தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை நனைந்தால், உங்கள் கோழிகள் இரவு முழுவதும் அந்த ஈரத்தில்தான் கிடந்திருக்கின்றன.